இயல் 6: கப்பலுக்கு வரும் பெருமக்களை வரவேற்றல்

ஜார்ஜ் டவுன் சுவெட்டன்ஹாம் துறைமேடையில் ஒரு கப்பல் வந்து கட்டியிருக்கிறது. அது பயிற்சிக் கப்பலாகவோ, சொகுசுக் கப்பலாகவோ, நட்புப் பயணமாக வந்த வெளிநாட்டுப் போர்க்கப்பலாகவோ இருக்கலாம். மாநில ஆளுநரோ முதலமைச்சரோ ஒரு தூதரோ அதைப் பார்க்க வருகிறார். கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் உங்களிடமோ, வரவேற்பில் பங்கெடுக்கும் தமிழ்ச் சங்கத்தின் செயலாளரான உங்களிடமோ ஏற்பாட்டை ஒப்படைத்துவிட்டார்கள். இந்த இயல் உங்களுக்கானது.

பினாங்குத் தமிழர்களுக்குத் துறைமுக வரவேற்பு புதிதல்ல. 1929 டிசம்பரில் பெரியார் தம் துணைவியார் நாகம்மையாரோடு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்து இறங்கியபோது பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது. ஆனால் கப்பலிலிருந்து இறங்குபவரை வரவேற்பது வேறு, கப்பலுக்குள் ஏறுபவரை வரவேற்பது வேறு. இறங்குபவர் நம் மண்ணுக்கு வருகிறார், ஆகவே நம் வழக்கம் செல்லும். ஏறுபவர் கேப்டனின் வீட்டுக்குள் போகிறார், அங்கே கப்பலின் வழக்கமே செல்லும். ஏற்பாட்டில் வரும் குழப்பங்களில் பாதி இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

விருந்தினருக்குச் செய்யும் முதல் மரியாதை, அவர் கால் தடுமாறாமல் தளத்தில் வந்து நிற்பது. விசில், மாலை, கொடி எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த இயலும் அதே வரிசையில் போகிறது.

ஒரு வாரம் முன்பே முடிக்க வேண்டியவை

1. மாநிலச் செயலகத்தின் புரோட்டோகால் பிரிவைத் தொடர்புகொண்டு வருகையாளர் பட்டியலையும் முன்னுரிமை வரிசையையும் எழுத்தில் வாங்குங்கள். வரிசையை நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள்.

2. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யும்போது வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். அரசு அலுவலகங்கள் அன்று 12.15 முதல் 2.45 வரை தொழுகைக்காக ஓய்வு விடுகின்றன. நோன்பு மாதமாக இருந்தால் பகல் விருந்தே வேண்டாம்.

3. அன்றைய நீரேற்ற அட்டவணையைப் பாருங்கள். பினாங்குக் கால்வாயில் வெள்ளுவா, காருவா நாள்களை ஒட்டி நீர்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்கும். காலை 9 மணிக்குச் சாய்வாகக் கிடந்த ஏணி பிற்பகலில் செங்குத்தாகிவிடலாம்.

4. எல்லா விருந்தினரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் முனையப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் கப்பலின் பாதுகாப்பு அதிகாரிக்கும் அனுப்புங்கள். 2004 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டுக் கப்பல் பாதுகாப்பு விதிகளின்படி, பட்டியலில் இல்லாதவரைக் கப்பலுக்கு ஏறும் வழியான கேங்வேயில் தடுத்து நிறுத்துவது காவலாளியின் கடமை. ஓட்டுநர், புகைப்படக்காரர், மெய்க்காவலர் யாரும் விடுபடக் கூடாது.

5. மெய்க்காவலர் துப்பாக்கியோடு வருவாரா என்று இப்போதே கேளுங்கள். வருவாரென்றால் கேப்டனின் சம்மதத்தையும் துறைமுகத்தின் சம்மதத்தையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். ஆளுநர் ஏணியடியில் நிற்க, காவலாளியும் மெய்க்காவலரும் வாதாடும் காட்சியை எந்த அலங்காரத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

6. கேப்டனோடு உட்கார்ந்து நிமிடவாரியாக நிரல் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் யார் எங்கே நிற்கிறார் என்பது இருக்க வேண்டும். என்ன பேசுகிறார் என்பது அவ்வளவு முக்கியமில்லை.

மாமன்னரோ அரச குடும்பத்தினரோ வருவதாக இருந்தால் இந்த நிரல் உங்கள் கையில் இராது. அரண்மனை அதிகாரிகள் சொல்வதே நிரல். அவர்கள் சொல்லாத எதையும் சேர்க்காதீர்கள்.

பட்டங்களும் அழைக்கும் முறையும்

மலேசியாவில் பட்டம் பெயரின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டு அழைப்பது பெயரையே தவறாகச் சொல்வதற்குச் சமம். அறிவிப்பாளர் கையில் கொடுக்கும் தாளில் முழுப் பெயரும் பட்டத்தோடு இருக்கட்டும்.

ஆளுநரை, அதாவது யாங் டி-பெர்துவா நெகிரியை, மலாயில் துவான் யாங் தெருத்தாமா என்று விளிக்க வேண்டும். முதலமைச்சருக்கு யாங் அமாட் பெர்ஹோர்மாட், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு யாங் பெர்ஹோர்மாட். தமிழில் பேசும்போது மாண்புமிகு என்பது போதும், ஆனால் துன், டான் ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ ஆகியவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே சொல்லுங்கள்.

துணைவியரின் பட்டங்களில்தான் அதிகம் தவறு நேர்கிறது. துன் பட்டம் பெற்றவரின் மனைவி தோ புவான், டான் ஸ்ரீயின் மனைவி புவான் ஸ்ரீ, டத்தோஸ்ரீயின் மனைவி டத்தின் ஸ்ரீ, டத்தோவின் மனைவி டத்தின். ஒரு பெண்மணி தம் சொந்தத் தகுதியிலேயே டத்தோ பட்டம் பெற்றிருக்கலாம். அவரை டத்தின் என்று அழைத்தால் அவருடைய உழைப்பைக் கணவரின் கணக்கில் எழுதுகிறீர்கள். புரோட்டோகால் பிரிவிடம் இதைத் தனியாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கேங்வே: எல்லாம் இங்கேதான்

விருந்தினரின் வருகையில் மிக ஆபத்தான பகுதி, துறைமேடைக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில மீட்டர்கள். மூப்படைந்தவர், பட்டுச் சேலை கட்டியவர், சாரோங் கெபாயா உடுத்தியவர், தோல்செருப்புப் போட்டவர் என எல்லோரும் மாலுமிகளுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஏணியில் ஏறப் போகிறார்கள். வருகை நாளில், தளப்பணி மாலுமிகளின் தலைவரான போசனோடு சேர்ந்து இவற்றைப் பாருங்கள்:

1. சாய்வு. கப்பலோடு இணைந்த பக்கவாட்டு ஏணி 55 பாகைக்கு மேல் சாயக் கூடாது. கரையிலிருந்து போடும் பாலம் போன்ற கேங்வே 30 பாகைக்கு மேல் கூடாது. இவை பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்லும் உச்ச வரம்புகள். பெருமக்கள் ஏறுவதற்கு வரம்பை ஒட்டிய சாய்வைக்கூட நான் ஏற்கமாட்டேன். நீர்மட்டம் தாழ்ந்து கப்பலின் தளம் இறங்கிவரும் வேளையை வருகைக்குத் தேர்ந்தெடுத்தால் சாய்வு தானாகக் குறையும்.

2. சுமை. ஏணியின் இரு முனைகளிலும் எத்தனை பேர் ஏறலாம் என்ற தகடு இருக்கும். அதைப் படித்து, கீழே நிற்கும் ஆளிடம் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். படமெடுப்பவர்கள் விருந்தினரின் பின்னாலேயே முண்டியடித்து ஏறுவதைத் தடுக்க வேண்டியவர் அவர்தான்.

3. வலை, மிதவை, விளக்கு. ஏணியடியில் பாதுகாப்பு வலை இறுக்கமாகக் கட்டியிருக்க வேண்டும். தானே எரியும் விளக்கும் கயிறும் கொண்ட உயிர்காப்பு மிதவை மேலே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வலையைத் துணியால் மூடி அழகுபடுத்த வேண்டாம்.

4. பெயிண்ட். வருகைக்காகக் கப்பலைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் முதல் நாள் மாலை கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பினாங்கின் ஈரக்காற்றில் அது மறுநாள் காலையிலும் ஒட்டும். குறைந்தது இரண்டு நாளுக்கு முன் தூரிகையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

5. குதிகால். கம்பிவலைப் படிகளில் உயர்ந்த குதிகால் சிக்கிக்கொள்ளும். அழைப்பிதழோடு போகும் குறிப்பிலேயே தட்டையான காலணி நல்லது என்று எழுதிவிடுங்கள். கம்பளம் விரிப்பதானால் ஏணியின் மேலேயும் கீழேயும் மட்டும் விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் அழுத்துங்கள். படிகள்மேல் கம்பளம் வேண்டவே வேண்டாம்.

விருந்தினர் ஏறும்போது துணைக்குப் போகிறவர் அவருக்கு ஒரு படி பின்னால் வர வேண்டும். இறங்கும்போது ஒரு படி முன்னால் போக வேண்டும். விழுந்தால் தாங்கும் பக்கம் எப்போதும் கீழ்ப்பக்கமே. முழங்கையைப் பற்றி இழுப்பது மரியாதையும் அல்ல, உதவியும் அல்ல. கை நீட்டத் தயாராக நின்றாலே போதும்.

தளத்தில் கால் வைக்கும் நேரம்

துறைமேடையில் கட்டிய கப்பலுக்கு வரிசை இப்படி:

1. வருகைக்கு அரை மணி நேரம் முன்பே எல்லோரும் தத்தம் இடத்தில். விக்டோரியா மணிக்கூண்டுச் சுற்றுவட்டத்தை வாகன வரிசை நெருங்கும்போதே தகவல் தர ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள்.

2. காரடியில் வரவேற்பவர் முகவர் அலுவலகத்தின் மூத்தவரோ சங்கத் தலைவரோ. கேப்டன் அங்கே வரமாட்டார். அவர் இடம் ஏணியின் உச்சி. மாநிலத் தலைவரே வந்தாலும் பெரும்பாலும் அப்படியே. மாற்றம் வேண்டுமானால் புரோட்டோகால் பிரிவும் கேப்டனும் பேசி முடிவு செய்யட்டும்.

3. ஏணியில் முதலில் ஏறுபவர் மிக மூத்த விருந்தினர். அவருடைய மெய்க்காவல் அதிகாரி முன்னால் போக விரும்பினால் அவர் ஏற்கெனவே மேலே போய் நிற்க வேண்டும்.

4. போர்க்கப்பல் என்றால் விருந்தினரின் கால் ஏணியில் பட்டதும் போசன் விசில் ஒலிக்கத் தொடங்கும், தளத்தில் கால் பதிந்ததும் நிற்கும். அது ஒலிக்கும்வரை கண்ணுக்குத் தெரியும் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும்.

5. சீருடை அணிந்த விருந்தினர் தளத்தில் ஏறியதும் பின்தளக் கொடியை நோக்கி வணக்கம் செலுத்துவார். சீருடை இல்லாதவர் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் போதும், கையை நெற்றிக்குக் கொண்டுபோக வேண்டாம். இதை முன்கூட்டி அவருடைய அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால் அவருக்குத் தயக்கம் இராது.

6. கேப்டன் முன்வந்து வரவேற்று, தம் அதிகாரிகளைப் பதவி வரிசைப்படி அறிமுகம் செய்வார். சங்கப் பொறுப்பாளர்கள் இந்த வரிசை முடிந்த இடத்திலிருந்து நிற்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கேப்டனுக்கு முன்னால் நிற்கும் ஆசையை விட்டுவிடுங்கள். விருந்தளிப்பவர் அவர்தான்.

7. முஸ்லிம் பெண்மணிகளுக்கு ஆண்கள் முதலில் கை நீட்ட வேண்டாம். வலக்கையை மார்பில் வைத்துத் தலை தாழ்த்தினால் அழகாக இருக்கும். எதைக் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். வழி காட்ட ஆள்காட்டி விரலை நீட்டாமல், மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவது இங்குள்ள மலாய் மரபு.

போசன் விசிலைப் பற்றி ஒரு சொல். கடல் கொந்தளிக்கும்போது விருந்தினரை நாற்காலியில் கட்டிக் கயிற்றால் தூக்கிய காலத்தில், இழுப்பவர்களுக்குக் கட்டளையாக இருந்த ஒலி அது. எத்தனை பேர் இழுத்தார்கள் என்பதே பின்னாளில் பதவிக்கேற்ற மரியாதை ஆயிற்று. அமெரிக்கக் கடற்படையில் இன்றும் ஏணியின் இருபுறமும் பதவிக்கேற்ப 2, 4, 6, 8 பேர் நிற்கிறார்கள். இது கடற்படைக்கு உரியது. சரக்குக் கப்பலும் சொகுசுக் கப்பலும் இதைப் போலிசெய்ய வேண்டியதில்லை. துவைத்த சீருடையில் இரண்டு மாலுமிகள் நிமிர்ந்து நின்றால் அதுவே நிறைவானது. கப்பலின் ஊதுகொம்பை மரியாதைக்காக ஒலிக்க வேண்டாம். துறைமுகத்தில் அதற்கு வேறு பொருள் உண்டு, அதன் அடியில் நிற்பவரின் காதுக்கும் கேடு.

மாலை, பொன்னாடை, விளக்கு

நம்மவர்கள் விருந்தோம்பலில் மனம் நிறையச் செலவழிப்பவர்கள். லெபோ பசாரிலும் பினாங்குத் தெருவிலும் பூக்கடைகள் துறைமேடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. நம் மரபைக் கப்பலில் காட்டுவது நல்லது, அதற்கு உரிய இடமும் உண்டு. இடம் மாறினால்தான் சிக்கல்.

மாலையை ஏணியடியில் போடாதீர்கள். கனத்த மாலை கீழே பார்க்கும் பார்வையை மறைக்கும், கைப்பிடியில் மாட்டும், கழற்றி யாரிடம் கொடுப்பதென்று விருந்தினர் திகைப்பார். ஏணி ஏறுகிறவருக்கு இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும், பூச்செண்டும் இந்த விதிக்கு அடங்கும். கேப்டனின் வரவேற்பு முடிந்து, விருந்தினர் உள்மண்டபத்துக்கு வந்த பிறகு போடுங்கள். மாலையை ஏற்பாரா, ஆரத்தி, பொட்டு ஆகியவற்றை விரும்புவாரா என்று அவருடைய அலுவலகத்தை முதலிலேயே கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள், சமயக் காரணத்தால் தவிர்ப்பவர்களும் உண்டு. எல்லோர் முன்னிலையிலும் மறுக்கும் நிலைக்கு அவரைத் தள்ளக் கூடாது.

பொன்னாடைக்கு நிறம் பார்க்க வேண்டும். மஞ்சள் இங்கே அரச நிறம். அரச குடும்பத்தினர் வரும் நிகழ்ச்சியில் மற்றவருக்கு மஞ்சள் பொன்னாடை போர்த்தாதீர்கள், வரவேற்புக் குழுவும் மஞ்சள் உடுத்த வேண்டாம். பெண் விருந்தினருக்கு ஆண்கள் போர்த்தாமல், தாம்பாளத்தில் வைத்து ஒரு பெண்மணி கையால் அளிப்பது முறை.

கப்பல் தளத்தில் செய்யக் கூடாதவை: பூவிதழ் தூவுதல், அட்சதை போடுதல், தேங்காய் உடைத்தல், கற்பூரம் ஏற்றுதல். ஈரமான இரும்புத் தளத்தில் இதழும் அரிசியும் வழுக்கும், மழைநீர் வடியும் துளைகளையும் அடைக்கும். உள்மண்டபத்தில் சாம்பிராணி போட்டால் புகை உணரி கப்பல் முழுதும் அபாயமணி அடித்துவிடும். குத்துவிளக்கு ஏற்றியே ஆகவேண்டும் என்றால் கேப்டனிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அவர் மறுத்தால் இரண்டாம் முறை கேட்காதீர்கள். எரிபொருள் ஏற்றும் கப்பலில் நெருப்புக்கு இடமில்லை. மின்திரி விளக்கு எவ்வகையிலும் குறைவானதல்ல. பன்னீர், சந்தனம், கற்கண்டுத் தட்டு மண்டப வாசலில் இருக்கட்டும்.

நாதஸ்வரமும் மேளமும் துறைமேடையில் நிற்கட்டும். கார்க்கதவு திறக்கும்போது வாசிக்கலாம். விருந்தினர் ஏணியை நோக்கித் திரும்பியதும் நிறுத்த வேண்டும். போசன் விசிலும் நாட்டுப்பண்ணும் நாதஸ்வரத்தோடு மோதுவது மூன்றுக்குமே அவமதிப்பு. நிறுத்தச் சைகை காட்ட ஒருவரைக் கலைஞர்களின் கண்ணெதிரே நிறுத்துங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாப் பூக்களையும் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கப்பல் அடுத்துப் போகும் நாட்டின் தாவர நோய்த்தடுப்பு விதிகளால் கேப்டனுக்குத் தொல்லை வரலாம்.

கொடிகள்

வெளிநாட்டுக் கப்பல் மலேசிய நீரில் இருக்கும்வரை மலேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங்கைக் கொடிமரத்தின் வலப்பக்கக் குறுக்குக்கட்டையில் பறக்கவிட வேண்டும். கப்பலின் சொந்த நாட்டுக் கொடி பின்தளத்தில். அதே கயிற்றில் மலேசியக் கொடிக்கு மேலே வேறெதுவும் ஏறக் கூடாது, பினாங்கு மாநிலக் கொடியும்கூட.

ஏற்றும் முன் கையில் விரித்துப் பாருங்கள்: 14 பட்டைகள், மேல்பட்டை சிவப்பு, கீழ்ப்பட்டை வெள்ளை, நீலக் கட்டத்தில் மஞ்சள் பிறையும் 14 முனை நட்சத்திரமும். 2025-இல் கொடி தலைகீழாகப் பறந்ததும் பிறை விடுபட்டு அச்சானதும் நாடெங்கும் கொந்தளிப்பாகிக் காவல்துறை விசாரணை வரை போயின. கிழிந்ததோ புகைபடிந்ததோ வேண்டாம், புதிது வாங்குங்கள்.

அலங்காரமாகக் கட்டும் கொடித்தோரணத்தில் சமிக்ஞைக் கொடிகள் மட்டுமே வரும். நாட்டுக் கொடிகளை அதில் கோக்கக் கூடாது.

விருந்தினர் படகில் வந்தால்

கப்பல் கால்வாயில் நங்கூரமிட்டிருந்தால் முறை தலைகீழாகும். படகில் இளையவர் முதலில் ஏறுவார், மூத்தவர் கடைசியில் ஏறுவார். இறங்கும்போது மூத்தவர் முதலில். ஆடும் படகில் மூத்தவர் காத்திருக்க நேரக் கூடாது என்பதே காரணம். மூத்தவருக்குப் படகின் பின்பகுதியில் இடம். அவருக்குரிய ஏணி கப்பலின் வலப்பக்கத்து ஏணி.

எல்லோருக்கும் உயிர்காப்பு உடை. ஆளுநர் அணிந்தால் மற்றவர் அணிவார், ஆகவே முதல் உடையை அவருடைய அலுவலரிடம் கரையிலேயே கொடுங்கள். ஏணிப் பக்கத்தில் கப்பலின் பக்கவாட்டிலிருந்து நீர் கொட்டும் வாய்களை அந்த அரை மணி நேரம் மூடச் சொல்லுங்கள். விருந்தினர் வெள்ளுடையில் வரும் நாளில் எஞ்சின் அறை புகைக்கரியை ஊதித் தள்ளாமல் இருக்கவும் தலைமைப் பொறியாளரிடம் சொல்லி வையுங்கள்.

ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலை ஒட்டிச் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வரும். மேற்கே வானம் கறுத்தால் படகுப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். தள்ளிவைக்கும் அதிகாரம் கேப்டனுக்கு மட்டும் என்று நிரலிலேயே எழுதியிருந்தால் அந்த நேரத்தில் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிராது.

விருந்தும் சுற்றிப் பார்த்தலும்

ஹலால் உணவைச் சான்றுள்ள சமையலகத்திலிருந்து கொண்டுவந்து தனிப் பாத்திரத்தில் பரிமாறுங்கள். சைவ உணவுக்குத் தனிக் கரண்டி. மது மேசையில் இருக்கலாமா என்பதை விருந்தினர் அலுவலகமே சொல்லட்டும்.

சரக்குக் கப்பலில் சில பகுதிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். சொங்கோக்கோ தலைப்பாகையோ அணிந்தவரிடம் அதைக் கழற்றச் சொல்வதைவிட, சுற்றுப்பாதையை அந்தப் பகுதிகளுக்கு வெளியே வகுத்துவிடுங்கள். பாலம் எனப்படும் செலுத்தறை, வரவேற்பு மண்டபம், மேல்தளம் என மூன்று இடங்கள் போதும்.

காவல் தளரக் கூடாது

1914 அக்டோபர் 28 விடியற்காலையில், ஒரு மாதம் முன்பு சென்னையைத் தாக்கிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், போலிப் புகைபோக்கி கட்டி உருமாறி இந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்து ழெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. ழெம்சுக்கின் கேப்டன் அன்றிரவு கரையில் இருந்தார், கப்பலில் காவல் தளர்ந்திருந்தது. இன்று போர் இல்லை. ஆனாலும் எல்லோர் கண்ணும் விருந்தினர்மேல் இருக்கும் வேளையில் கட்டுக்கயிறுகளையும் ஏணியையும் தீயணைப்பு நிலையத்தையும் பார்க்க ஆள் இருக்க வேண்டும். அவர்களை வரவேற்பு வரிசைக்கு அழைக்காதீர்கள்.

எரிபொருள் நிரப்புதல், பளுதூக்கி வேலை, வெல்டிங் மூன்றும் வருகையின்போது நிற்க வேண்டும். கப்பலில் எத்தனை விருந்தினர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை கேங்வேக் காவலாளியிடம் எந்த நொடியிலும் இருக்க வேண்டும். அபாயமணி அடித்தால் எங்கே கூட வேண்டும் என்பதை மண்டபத்தில் அமர்ந்ததும் ஓர் அதிகாரி இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். ஆளுநருக்கும் அது பொருந்தும்.

விடைகொடுத்தல்

1. கிளம்பும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு போசன் ஏணியை மீண்டும் பார்க்க வேண்டும். இடையில் நீர்மட்டம் மாறியிருக்கும்.

2. நினைவுப்பரிசை விருந்தினர் கையில் கொடுத்துப் படம் எடுத்ததும் அவருடைய அலுவலர் வாங்கிக்கொண்டு முன்னதாக இறங்கிவிட வேண்டும். மாலையும் அப்படியே.

3. கேப்டன் ஏணியின் உச்சியில் விடைகொடுப்பார். வந்தபோது செய்த மரியாதை எதுவோ அதுவே போகும்போதும், குறையாமல், கூடாமல்.

4. கார் முனைய வாயிலைக் கடக்கும்வரை யாரும் வரிசையைக் கலைக்க வேண்டாம். கடந்தது என்று வாயிலில் நிற்கும் ஆள் சொன்ன பிறகு, விருந்தினர் பட்டியலைக் கேங்வேப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஏறிய எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று கப்பலின் பாதுகாப்பு அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள்.